என் கைத்தட்டலை இன்னொருவர் வாங்கிப் போகும்போது

உங்கள் கேள்வியை, படிக்கும் மற்றவர்களுக்காக ஒருமுறை சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். ஆறு மாதம் உழைத்து முடித்த ஒரு வேலையை நிர்வாகத்தினர் முன்னால் விளக்கிக்கொண்டிருந்தீர்கள். மூன்றாவது நிமிடத்தில் சக ஊழியர் ஒருவர், "இதை நான் கொஞ்சம் தெளிவாகச் சொல்லிவிடுகிறேனே" என்று நடுவில் புகுந்தார். அதன் பிறகு பேச்சு உங்களிடம் திரும்பி வரவே இல்லை. கூட்டம் முடிந்ததும் எல்லோரும் கைகொடுத்தது அவருக்கு. இரண்டு நாளாகத் தூக்கமில்லை என்கிறீர்கள். இதற்குப் போய் இவ்வளவு வருத்தப்படுவது என் சின்னப் புத்தியா, இனி நான் என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

சின்னப் புத்தி இல்லை. இதில் எனக்குத் துளியும் சந்தேகம் கிடையாது. பணத்தை எடுத்தால் திருட்டு, பொருளை எடுத்தால் திருட்டு என்று சட்டென்று சொல்லிவிடுகிறோம். அடுத்தவருக்குக் கிடைக்க வேண்டிய கவனத்தை எடுத்தால் மட்டும், "இதெல்லாம் ஒரு விஷயமா, பெருந்தன்மையாக விட்டுவிடு" என்கிறோம். வேலை செய்யும் இடத்தில் அடுத்த பொறுப்பு யாருக்கு, சம்பள உயர்வு யாருக்கு, ஒரு சந்தேகம் வந்தால் யாரைக் கூப்பிட்டுக் கேட்பது என்பதெல்லாம் யார் கண்ணில் பட்டார் என்பதை வைத்துத்தான் முடிவாகின்றன. இந்த வேலையை அடிமுதல் நுனிவரை தெரிந்தவர் யார் என்ற கேள்விக்கு, அந்த அறையில் இருந்தவர்கள் மனத்தில் அன்று தவறான பதில் பதிந்துவிட்டது. உங்களைத் தூங்கவிடாமல் செய்வது அதுதான். நியாயமான வருத்தம்.

இது பெருகிக்கொண்டே போகக்கூடியது என்பதுதான் மோசம். சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் 1968-இல் எழுதிய ஒரு கட்டுரையில், அறிவியல் உலகில் இது எப்படி நடக்கிறது என்று விளக்கினார். ஏற்கெனவே பெயர் பெற்ற ஒருவரும் புதியவர் ஒருவரும் சேர்ந்து ஒன்றைச் செய்தால், பாராட்டில் பெரும்பங்கு பெயர் பெற்றவர் பக்கமே சாய்கிறது. அந்தப் பாராட்டு அவருக்கு இன்னும் வாய்ப்புகளைக் கொண்டுவருகிறது. உள்ளவனுக்கே மேலும் கொடுக்கப்படும் என்று மத்தேயு நற்செய்தியில் வரும் கருத்தை வைத்து, இதை மத்தேயு விளைவு என்று அழைத்தார். அந்தக் கட்டுரைக்குப் பின்னாலும் ஒரு கதை இருக்கிறது. ஹாரியட் சக்கர்மன் என்ற இளம் ஆய்வாளர் நோபல் பரிசு பெற்றவர்களை நேரில் சந்தித்து எடுத்த பேட்டிகள்தான் அதற்குப் பெரிய ஆதாரம். ஆனால் கட்டுரையில் ஆசிரியராக இருந்தது மெர்ட்டன் பெயர் மட்டும். அது இருவர் பெயரிலும் வந்திருக்க வேண்டிய கட்டுரை என்று பின்னாளில் மெர்ட்டனே ஒப்புக்கொண்டு எழுதினார். பாராட்டு எப்படிக் கைமாறுகிறது என்று உட்கார்ந்து யோசித்து எழுதிய மனிதருக்கே, தன் கையில் அது நடந்துகொண்டிருப்பது அந்த நேரத்தில் கண்ணில் படவில்லை. உங்கள் சக ஊழியரை வில்லன் என்று முடிவு கட்டுவதற்கு முன்னால் இதைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள்.

கூட்டங்களையும் கருத்தரங்குகளையும் நெறிப்படுத்தும் வேலையைப் பல ஆண்டுகளாகச் செய்துவருகிறேன். அதில் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்: வேண்டுமென்றே பறிப்பவர்களைவிடத் தெரியாமல் பறிப்பவர்கள்தான் அதிகம். கல்யாண வீடு என்றால் தானே மாப்பிள்ளை, சாவு வீடு என்றால் தானே பிணம் என்று இருப்பவர்களைப் பற்றி நம்மிடம் ஒரு பழைய பேச்சு உண்டு. அந்த ரகம் எல்லா இடத்திலும் ஒன்றிரண்டு பேர் இருப்பார்கள். மீதிப் பேர் சாதாரண மனிதர்கள், அவர்கள் மூளை செய்யும் வேலையில் மாட்டிக்கொண்டவர்கள்.

ஒரு பரிசோதனையைச் சொல்கிறேன். 1973-இல் மால்கம் பிரென்னர் என்ற உளவியலாளர், ஆட்களைச் சுற்றி உட்காரவைத்து ஒவ்வொருவராகச் சொற்களை உரக்கப் படிக்கச் சொன்னார். பிறகு என்னென்ன சொற்கள் வந்தன என்று கேட்டபோது, தங்கள் முறைக்குச் சற்று முன்னால் மற்றவர்கள் படித்த சொற்கள்தான் அவர்களுக்கு மிகக் குறைவாக நினைவில் இருந்தன. அடுத்து நாம் பேச வேண்டும் என்ற படபடப்பில் காது அடைத்துவிடுகிறது. இதை ஒரு கூட்டத்தில் வைத்துப் பாருங்கள். நீங்கள் ஒரு யோசனை சொல்கிறீர்கள். அடுத்துப் பேசப்போகிறவர் தன் பேச்சைத் தயார் செய்துகொண்டிருக்கிறார். சொன்னது அரைகுறையாக உள்ளே போயிருக்கும். யார் சொன்னது என்பது போயிருக்காது. கால் மணி நேரம் கழித்து அதையே அவர் சொல்கிறார், மனதார அது தன் யோசனை என்று நம்பிக்கொண்டு. 1979-இல் மைக்கேல் ராஸ், ஃபியோரே சிகோலி என்ற இருவர் கணவன் மனைவியரைத் தனித்தனியாகக் கூப்பிட்டு, வீட்டு வேலைகளில் உங்கள் பங்கு எவ்வளவு என்று கேட்டார்கள். பெரும்பாலான வேலைகளில் இருவர் சொன்ன பங்கையும் கூட்டினால் நூறு சதவீதத்தைத் தாண்டியது. நாம் செய்தது நமக்கு முழுதாக நினைவில் நிற்கிறது, அடுத்தவர் செய்தது துண்டு துண்டாகத்தான் நிற்கிறது. அலுவலகத்தில் ஆறு பேர் சேர்ந்து ஒரு வேலை செய்தால் இந்தக் கணக்கு எங்கே போய் நிற்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

இன்னொரு பழக்கம், பேச்சைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வது. சார்லஸ் டெர்பர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் சாதாரண உரையாடல்களைக் கூர்ந்து கவனித்து, நாம் ஒருவருக்குப் பதில் சொல்லும் விதத்தை இரண்டாகப் பிரித்தார். "நேற்று ராத்திரி முழுக்க வேலை, கண்ணே எரிகிறது" என்று ஒருவர் சொல்கிறார். "அப்படி என்ன வேலை?" என்று கேட்டால் பேச்சு அவரிடமே இருக்கிறது. "எனக்கும் போன வாரம் இதே கதைதான்" என்றால் பேச்சு இந்தப் பக்கம் வந்துவிட்டது. இரண்டாவதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, ஆறுதல் சொல்லத்தான் அப்படிப் பேசுகிறோம். ஆனால் ஒரு நாள் முழுக்க உங்கள் வாயிலிருந்து எது எத்தனை தடவை வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். நான் எண்ணிப் பார்த்திருக்கிறேன். துக்கம் விசாரிக்கப் போன வீட்டில், அழுதுகொண்டிருந்தவரிடம் என் தந்தை இறந்ததைப் பற்றிப் பத்து நிமிடம் பேசியிருக்கிறேன் என்று அன்று இரவுதான் உறைத்தது. இன்றைக்கும் அதை நினைத்தால் வலிக்கிறது.

சரி, தெரியாமல் செய்பவர் யார், தெரிந்தே ஸ்கோர் பண்ணுபவர் யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? நான் பார்ப்பது ஒன்றே ஒன்றைத்தான். மேலதிகாரி இல்லாத கூட்டத்தில் அவர் எப்படி இருக்கிறார்? அங்கேயும் அப்படியே குறுக்கே விழுந்து பேசினால், அது அவர் சுபாவம். எடுத்துச் சொன்னால் பெரும்பாலும் திருந்துவார். அங்கே வாயைத் திறக்காமல் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பெரியவர்கள் வந்து உட்கார்ந்ததும் முந்திரிக்கொட்டையாக முன்னால் வருகிறார் என்றால், அவருக்குத் தான் செய்வது நன்றாகவே தெரியும்.

இரண்டு ரகத்துக்கும் மருந்து ஒன்றுதான் என்று நினைக்கிறேன். அது பறிகொடுத்தவர் கையில் இருப்பதைவிடப் பக்கத்தில் இருந்து பார்ப்பவர்கள் கையில் இருப்பதுதான் அதிகம். இங்கேதான் பெரும்பாலான அறிவுரைகள் தடம் மாறுகின்றன. "நீயும் சத்தமாகப் பேசு, உன் இடத்தை நீயே பிடித்துக்கொள்" என்று பாதிக்கப்பட்டவரையே மறுபடி வேலை வாங்குகின்றன.

எல்லோருடைய கவனமும் ஒருவர் மேல் இருப்பதைச் சொல்ல லைம்லைட் என்ற ஆங்கிலச் சொல்லைப் பயன்படுத்துகிறோம். அது ஒரு உண்மையான விளக்கு. ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்து எரியும் சுடரில் சுண்ணாம்புக் கட்டியைக் காட்டினால் கண்ணைப் பறிக்கும் வெள்ளை ஒளி வரும். மின்விளக்கு வருவதற்கு முன்னால் நாடக மேடைகளில் அதைத்தான் வைத்திருந்தார்கள். 1837-இல் லண்டன் கோவென்ட் கார்டன் அரங்கில் அது எரிந்தது. ஒவ்வொரு விளக்குக்கும் பக்கத்தில் ஓர் ஆள் நிற்க வேண்டும். சுண்ணாம்புக் கட்டியைத் திருப்பிக்கொண்டே, ஒளியை நடிகர் மேல் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். மேடையில் யார் என்ன சேட்டை செய்தாலும் வெளிச்சம் யார் மேல் விழ வேண்டும் என்பது அந்த ஆளின் கையில் இருந்தது. கூட்டத்தில் தலைவர், மேடையில் அறிவிப்பாளர், களத்தில் கேமராக்காரர், அறையில் உட்கார்ந்திருக்கும் ஒவ்வொருவரும் அந்த ஆள்தான். பறிகொடுத்தவர் "என்னுடையது" என்று கத்தினால் அற்பமாகத் தெரியும். மூன்றாவது ஆள் "அது அவருடையது" என்று ஒரு வார்த்தை சொன்னால் வெளிச்சம் திரும்பிவிடுகிறது.

2009 செப்டம்பர் 13 அன்று நியூயார்க்கில் நடந்த எம்டிவி வீடியோ இசை விருது விழா பலருக்கு நினைவிருக்கும். பத்தொன்பது வயதுப் பாடகி டெய்லர் ஸ்விஃப்ட் விருதை வாங்கிப் பேச ஆரம்பித்ததும், ராப் பாடகர் கான்யே வெஸ்ட் மேடையேறி மைக்கை வாங்கி, இது பாடகி பியான்சேவுக்குப் போயிருக்க வேண்டும் என்ற பொருளில் பேசினார். அந்தப் பெண் விருதைக் கையில் பிடித்தபடி என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். உலகம் முழுக்க இந்தக் காட்சியைத்தான் திரும்பத் திரும்பப் போட்டார்கள். எனக்கு அன்று பெரிதாகப் பட்டது அதன் பிறகு நடந்தது. அதே இரவில், விழாவின் பெரிய விருது பியான்சேவுக்கே கிடைத்தது. அவர் தன் நேரத்தில் ஸ்விஃப்டை மேடைக்கு அழைத்து, விட்ட இடத்திலிருந்து பேசும்படி இடம் கொடுத்தார். யார் பெயரைச் சொல்லி வெளிச்சம் பறிக்கப்பட்டதோ அவரே அதைத் திருப்பிக் கொடுத்தார். ஸ்விஃப்ட் அந்த இடத்திலேயே எதிர்த்துச் சண்டை போட்டிருந்தால், மறுநாள் "இருவர் மோதல்" என்று செய்தி வந்திருக்கும், அவ்வளவுதான்.

இதைவிடக் கொடுமையானது 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக் மாரத்தான். பிரேசில் வீரர் வான்டெர்லே டி லிமா முதலில் ஓடிக்கொண்டிருந்தார். ஏறக்குறைய 35-ஆவது கிலோமீட்டரில், தன் நம்பிக்கைகளை உலகம் கவனிக்க வேண்டும் என்று விரும்பிய ஒருவர் விசித்திர உடையில் பாய்ந்து வந்து அவரைக் கூட்டத்துக்குள் தள்ளினார். அந்த மனிதரின் பெயரை நான் எழுதப்போவதில்லை, அவர் கேட்டது அதைத்தான். பார்வையாளராக நின்ற கிரேக்கர் ஒருவர் ஓடிவந்து டி லிமாவை விடுவித்து மறுபடி பாதையில் விட்டார். டி லிமா மூன்றாவதாக வந்தார். சிரித்துக்கொண்டே, கைகளைச் சிறகுபோல் விரித்தபடி எல்லைக்கோட்டைக் கடந்தார். வெண்கலத்தோடு, விளையாட்டுப் பண்புக்காகத் தரப்படும் கூபெர்டின் பதக்கமும் கொடுத்தார்கள். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து ரியோ ஒலிம்பிக்கில் தீபம் ஏற்றும் கௌரவத்தை அவருக்கே கொடுத்தார்கள். போன தங்கம் திரும்பி வரவில்லை. ஆனால் அந்தக் கவனம் யாருக்கு உரியதோ அவரிடம் போய்ச் சேர்ந்தது, மற்றவர்கள் மனது வைத்ததால்.

மற்றவர்கள் மனது வைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் உண்டு. 1967-இல் கேம்பிரிட்ஜில் ஆய்வு மாணவியாக இருந்த ஜோசலின் பெல், தொலைநோக்கி வரைந்து தள்ளிய காகிதச் சுருள்களைக் கண்ணால் அலசி, சீரான இடைவெளியில் ரேடியோ துடிப்புகளை அனுப்பும் பல்சர் விண்மீன்களின் முதல் அடையாளத்தைக் கண்டார். பத்திரிகையாளர்கள் வந்தபோது வானியல் கேள்விகளை அவர் வழிகாட்டியான ஆன்டனி ஹியூவிஷிடம் கேட்டார்கள். பெல்லிடம் எத்தனை காதலர்கள் என்றும் உடல் அளவுகள் என்ன என்றும் கேட்டார்கள். இதை அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். 1974 நோபல் பரிசு ஹியூவிஷுக்கும் மார்ட்டின் ரைலுக்கும் போனது. இதில் குறுக்கே புகுந்து மைக்கைப் பிடுங்கியவர் என்று யாரையும் காட்ட முடியாது. விளக்குப் பிடித்தவர்கள் திருப்பவேண்டிய பக்கம் திருப்பவில்லை. அதுவே போதுமானதாக இருந்தது. 2018-இல் 30 லட்சம் டாலர் சிறப்புப் பரிசு ஒன்று அவருக்குக் கிடைத்தபோது, இயற்பியல் ஆய்வில் வழக்கமாக இடம் கிடைக்காத பிரிவு மாணவர்களின் உதவித்தொகைக்கு அதை முழுதும் கொடுத்துவிட்டார்.

ஒபாமா ஆட்சியின் தொடக்கத்தில் வெள்ளை மாளிகையில் மூத்த உதவியாளர்களில் பெரும்பாலோர் ஆண்கள். பெண்கள் சொல்வது கூட்டங்களில் எடுபடவில்லை, சில சமயம் அதை வேறொருவர் தன்னுடையதாகச் சொன்னார். அந்தப் பெண்கள் தங்களுக்குள் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். ஒருவர் நல்ல கருத்தைச் சொன்னதும், இன்னொருவர் அவர் பெயரைச் சொல்லி அதையே மறுபடி சொல்வார். அவ்வளவுதான். பெயர் கருத்தோடு ஒட்டிக்கொண்டது, யாரும் பிய்த்தெடுக்க முடியவில்லை. 2016-இல் வாஷிங்டன் போஸ்ட் இதை எழுதிய பிறகு பல அலுவலகங்கள் பின்பற்றத் தொடங்கின. நான் கூட்டம் நடத்தும்போதும் இதைத்தான் செய்கிறேன். ஒரு தாளில் யார் என்ன சொன்னார் என்று பெயரோடு குறித்துக்கொள்வேன். அதே யோசனை வேறு வாயிலிருந்து வந்தால், "முதலில் அவர் சொன்னதை நீங்கள் வலுப்படுத்துகிறீர்கள், நல்லது" என்று சொல்லிவிட்டு முதலில் சொன்னவரைப் பார்த்து, "மேலே சொல்லுங்கள்" என்பேன். யாருக்கும் அவமானம் இல்லை, சண்டையும் இல்லை.

ஒன்றைப் பிரித்துச் சொல்ல வேண்டும். கவனத்தை இழுப்பது எல்லாமே திருட்டு ஆகாது. 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் 200 மீட்டர் ஓட்டத்தில் தங்கமும் வெண்கலமும் வென்ற அமெரிக்கக் கறுப்பின வீரர்கள் டாமி ஸ்மித்தும் ஜான் கார்லோஸும் இனப் பாகுபாட்டை எதிர்த்துப் பதக்க மேடையில் கறுப்புக் கையுறை அணிந்த கையை உயர்த்தினார்கள். அது அவர்கள் ஓடிச் சம்பாதித்த மேடை. வெளிச்சத்தைத் திருப்பியதும் அதுவரை வெளிச்சம் படாத மக்கள் பக்கம். வெள்ளி வென்ற ஆஸ்திரேலியர் பீட்டர் நார்மனுக்கு, தன் வாழ்நாளின் சிறந்த ஓட்டம் இதில் மறைந்துபோகும் என்று வருத்தப்பட எல்லா நியாயமும் இருந்தது. அவர் அந்த இருவர் அணிந்திருந்த மனித உரிமைச் சின்னத்தைத் தானும் வாங்கி மார்பில் குத்திக்கொண்டு நின்றார். 2006-இல் அவர் இறந்தபோது ஸ்மித்தும் கார்லோஸும் வந்து சவப்பெட்டியைச் சுமந்தார்கள். வெளிச்சம் திரும்பிய பிறகு அது யார் மேல் விழுகிறது என்று பார்த்தால் போதும், திருட்டா இல்லையா என்பது தெரிந்துவிடும்.

இனி உங்கள் விஷயம். அந்தச் சக ஊழியரிடம் தனியாக ஒருமுறை பேசுங்கள், ஆனால் "என் பெயரைத் தட்டிக்கொண்டு போனீர்கள்" என்று ஆரம்பிக்காதீர்கள். நடந்ததை மட்டும் சொல்லுங்கள்: "நான் மூன்றாவது நிமிடத்தில் இருந்தேன், அதன் பிறகு எனக்குப் பேசக் கிடைக்கவில்லை. அடுத்த முறை முடிக்கும்வரை விடுங்கள்." தெரியாமல் செய்தவர் என்றால் முகம் மாறும். தெரிந்தே செய்தவர் என்றால், நீங்கள் கவனித்துவிட்டீர்கள் என்பது அவருக்குத் தெரிந்துவிடும். இரண்டும் உங்களுக்கு நல்லதுதான். அவர் மேலே உள்ளவராக இருந்தால் இந்தப் பேச்சு வேண்டாம், நேராக அடுத்ததற்குப் போங்கள்.

இனிமேல் எந்த விளக்கக் கூட்டமாக இருந்தாலும் அதை நடத்துபவரிடம் முன்னதாகவே, "நான் பத்து நிமிடம் பேசி முடித்த பிறகு கேள்விகளை எடுத்துக்கொள்ளலாமா?" என்று கேட்டுவையுங்கள். மீறி யாராவது புகுந்தால் குரலை உயர்த்த வேண்டாம். "இதற்கு அடுத்ததாக அதைத்தான் சொல்லப்போகிறேன்" என்று சொல்லிவிட்டு நிறுத்தாமல் தொடருங்கள். புகுந்தவரைப் பார்க்காமல் கூட்டத்தை நடத்துபவரைப் பார்த்துச் சொல்லுங்கள். கூட்டம் முடிந்த அன்றே, பேசியதைச் சுருக்கி எல்லோருக்கும் மின்னஞ்சல் அனுப்புங்கள். உங்களோடு உழைத்த ஒவ்வொருவரின் பங்கையும் பெயரோடு அதில் எழுதுங்கள். அந்தச் சக ஊழியர் உண்மையில் ஏதாவது செய்திருந்தால் அவர் பெயரையும். எழுத்தில் இருப்பதை அடுத்த வாரம் யாரும் மாற்றிச் சொல்ல முடியாது. பதிலுக்கு அவர் பேச்சில் நீங்கள் புகுவது மட்டும் வேண்டாம். அப்புறம் அந்த அறையில் இரண்டு பேரும் ஒரே மாதிரி ஆகிவிடுவீர்கள்.

நடந்து முடிந்த கூட்டத்தைப் பற்றி ஒன்று கேட்கிறேன். அந்த ஆறு மாத உழைப்பைப் பக்கத்திலிருந்து பார்த்த இன்னொருவர் அந்த அறையில் இருந்திருப்பார், ஒருவராவது. அவருக்கும் அன்று உறுத்தியிருக்கும், என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருப்பார். நாளைக்குப் போனதும் முதலில் அவரைப் பாருங்கள். அடுத்த கூட்டத்தில் யாராவது குறுக்கே வந்தால், "அவர் சொல்லி முடிக்கட்டும்" என்ற மூன்று வார்த்தையை எனக்காகச் சொல்ல முடியுமா என்று கேளுங்கள். அவர் பேசும்போது நீங்களும் அதையே சொல்வதாக வாக்குக் கொடுங்கள்.